லிஸ்ட் வெறும் விரல் வித்தையா?

பியானோவில் எட்டாம் கிரேடு தேர்வை முடித்த கையோடு, "மிஸ், லா காம்பனெல்லா சொல்லிக்கொடுங்க" என்று வருடத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான ஃபிரான்ஸ் லிஸ்ட் எழுதிய பீஸ் அது. போன மாதம் வந்த பையன் வீடியோ பார்த்தே முதல் இரண்டு பக்கங்களைப் பழகியிருந்தான். வேகம் இருந்தது. தோள்கள் காது வரை ஏறியிருந்தன. முன்கையைத் தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இறுகியிருந்தது.

"வலிக்குதா?"

"பழகினா சரியாயிடும் மிஸ்."

ஆகாது. வலி வந்தால் அன்றைக்கு மூடியை மூடிவிட வேண்டும். மறுநாளும் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அந்த பீஸில் வலது கை இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) வரை தாவித் தாவிக் கருப்புக் கட்டையில் இறங்க வேண்டும். இறுகிய கையோடு அதைச் செய்தால் காயம்தான் மிஞ்சும்.

இந்தப் பிள்ளைகளுக்கு லிஸ்ட் என்றால் வேகம். என்னோடு வேலை பார்க்கும் சிலருக்கோ லிஸ்ட் என்றால் சர்க்கஸ். இரண்டு பேர் காதிலும் விழுவது அதே வேகம்தான்.

1832இல் பாரிஸில் பகனினியின் வயலினைக் கேட்டு வெறிபிடித்ததுபோல் சாதகம் செய்தவர் லிஸ்ட். அதிலிருந்து பிறந்த எட்யூடுகளை (பயிற்சிப் பீஸ்களை, காம்பனெல்லா அவற்றில் ஒன்று) 1838இல் கடுமையாக எழுதினார். 1851இல் அவரே உட்கார்ந்து பாரத்தைக் குறைத்துத் திருத்தினார். இன்று எல்லாரும் வாசிப்பது அந்த இளைத்த வடிவத்தைத்தான். இரண்டு முறையும் அவற்றைப் பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்குத்தான் அர்ப்பணித்தார்.

அதே கிளாரா, லிஸ்டின் பி மைனர் சொனாட்டா என்ற நீண்ட பியானோ படைப்பை 1854இல் கேட்டுவிட்டு, வெறும் குருட்டுச் சத்தம் என்று நாட்குறிப்பில் எழுதினார். அவர் காதை நான் மதிக்கிறேன், தீர்ப்பை ஏற்க முடியவில்லை. தொடக்கத்தில் இடது கையில் சம்மட்டி அடிபோல் விழும் சுரங்களைக் கவனியுங்கள். சில பக்கங்கள் தள்ளி, அதே சுரங்கள் நீண்டு பாட்டாகிவிடுகின்றன. முதலில் எழுதிய ஆர்ப்பாட்டமான முடிவைக் கையெழுத்துப் பிரதியிலேயே அடித்துவிட்டு, மெல்லிய கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகள்) கடைசியில் அடியில் ஒற்றை பி சுரமுமாக மாற்றி எழுதியிருக்கிறார். கைதட்டலுக்காக மட்டும் எழுதுகிறவர் அந்த முடிவையா அடிப்பார்?

அவர் எழுதியதெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. 'கிராண்ட் கலாப் குரோமாட்டிக்' என்ற அவருடைய ஆர்ப்பாட்டமான பீஸுக்காக யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டேன்.

சரி, பையனுக்கு வருவோம். காம்பனெல்லாவை எடுத்து வைத்துவிட்டு, லிஸ்ட் 1881இல் எழுதிய 'நுவாஜ் கிரி' (சாம்பல் மேகங்கள்) என்ற பீஸைக் கொடுத்தேன். மொத்தமே 48 பார்கள் (தாளக் கட்டங்கள்). எட்டாம் கிரேடு கைக்கு ஒன்றுமே இல்லை. இடது கையில் பி ஃப்ளாட், ஏ என்ற சுரங்கள் அடியில் நடுங்கிக்கொண்டிருக்க, மேலே மெட்டு எங்கும் போய்ச் சேராமல் அலையும். தோளை இறக்கி, மெதுவாக வாசித்தான். கடைசி கார்டு அந்தரத்தில் நின்றது. தாளைத் திருப்பிப் பார்த்தான்.

"மிஸ், அடுத்த பக்கம் எங்க?"