இழுக்கிற நிலா எப்படித் தள்ளுகிறது?

2025 மார்ச் 23 அன்று பூமி, சனியின் வளையத் தளத்தைக் கடந்தது. அதாவது நாம் வளையத்தை மேலிருந்தோ கீழிருந்தோ பார்க்காமல், நேர்ப் பக்கவாட்டில் பார்க்கும் நிலைக்கு வந்தோம். ‘வளையம் காணாமல் போய்விட்டது’ என்று செய்திகள் வந்தது அதனால்தான். 1612-ல் இதே போல வளையம் மறைந்தபோது கலிலியோவே குழம்பிப் போனார். அதையொட்டி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “வளையம் மெல்லியது, பக்கவாட்டில் தெரியாது, சரி. ஆனால் கோடிக்கணக்கான துண்டுகள் ஓடும் இடம் எப்படிக் கத்தரியால் வெட்டினாற்போல் ஓரம் வைத்துக்கொண்டு நிற்கிறது? புகைபோலக் கலைந்துபோக வேண்டாமா?”

நல்ல கேள்வி. கலைந்துதான் போயிருக்க வேண்டும்.

வளையம் திடமான தட்டு இல்லை என்பதை 1850களிலேயே ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஒரே தட்டாக இருந்தால் நொறுங்கியிருக்கும்; தனித்தனியாகச் சுற்றும் எண்ணற்ற துண்டுகளாகத்தான் இருக்க முடியும் என்றார். 1895-ல் ஜேம்ஸ் கீலர் நிறமாலையை வைத்து அதை உறுதி செய்தார். சனியைப் பொறுத்தவரை அந்தத் துண்டுகள் பெரும்பாலும் தண்ணீர்ப் பனிக்கட்டி. சில சென்டிமீட்டரிலிருந்து சில மீட்டர் வரை அளவு. முதன்மை வளையங்களின் குறுக்களவு இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல், தடிமனோ பல இடங்களில் பத்து மீட்டர் அளவுதான்.

உள்ளே இருக்கும் துண்டு வேகமாக ஓடும், வெளியே இருப்பது மெதுவாக ஓடும். பள்ளிக்கூடத்தில் படித்த கெப்ளர் விதிதான். சனி வளையத்தின் உள் ஓரத்தில் நொடிக்குச் சுமார் 23 கிலோமீட்டர், வெளி ஓரத்தில் 17-க்குச் சற்றுக் குறைவு. ஆனால் அக்கம்பக்கத்துத் துண்டுகளுக்குள் வேக வித்தியாசம் நத்தை வேகம்தான். அதனால் அவை உடைவதில்லை, உரசிக்கொள்கின்றன. உரசும்போது உள்ளே உள்ளது கொஞ்சம் உந்தத்தை இழந்து கீழே இறங்கும். வெளியே உள்ளது அதைப் பெற்றுக்கொண்டு மேலே ஏறும். இப்படியே விட்டால் வளையம் இரண்டு பக்கமும் பரவிக்கொண்டே போகும். அப்படியானால் எதுவோ அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது.

எது? ஒரு நிலா. பல இடங்களில் மிகச் சின்ன நிலா. இவற்றுக்கு மேய்ப்பர் நிலாக்கள் என்று பெயர். மந்தையை ஓரம் தாண்டவிடாமல் தள்ளி வைக்கின்றன. ‘தள்ளி’ என்ற அந்த வார்த்தையைத்தான் கவனிக்க வேண்டும். முதல் முறை இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். ஈர்ப்புக்கு இழுக்கத்தானே தெரியும், எப்படித் தள்ளும்?

ஒரு தாளை எடுத்துப் படம் போட்டபடி படியுங்கள். வளையத்துக்கு வெளியே ஒரு நிலாவை வையுங்கள். வெளியே இருப்பதால் அது வளையத் துண்டுகளைவிட மெதுவாகத்தான் போகும். உள்ளே ஓடும் துண்டு அதைப் பின்னாலிருந்து நெருங்கி, பக்கத்தில் கடந்து, முந்திப் போகிறது. அந்த ஒரு துண்டை மட்டும் கண்ணை எடுக்காமல் பின்தொடர்வோம். நெருங்கும்போது நிலா முன்னால் இருக்கிறது. ஈர்ப்பு முன்னோக்கி இழுக்கிறது. கடந்த பிறகு நிலா பின்னால், இழுப்பும் பின்னோக்கி. வரவும் செலவும் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த நேரம் முழுக்க நிலா துண்டைப் பக்கவாட்டிலும் தன் பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்ததே! அதனால் கடந்து போகிற துண்டு, வந்தபோது இருந்ததைவிட ஓர் இம்மி நிலாவுக்கு நெருக்கமாகப் போகிறது. நெருக்கம் கூடினால் ஈர்ப்பும் கூடும். முன்னே இழுத்ததைவிடப் பின்னே இழுத்தது கொஞ்சம் அதிகம். கணக்கை முடித்துப் பார்த்தால் துண்டுக்கு நஷ்டம், உந்தம் குறைந்துவிட்டது. சுற்றுப்பாதையில் உந்தம் குறைந்தால் கோளை நோக்கி இறங்க வேண்டியதுதான். கோளை நோக்கி என்றால், நிலாவை விட்டு விலகி. நிலா இழுத்தது, துண்டு தள்ளிப் போய்விட்டது.

நிலாவை உள் பக்கம் வைத்தால் எல்லாம் தலைகீழ்: நிலா துண்டை முந்தும், துண்டு உந்தம் பெறும், வெளியே ஏறும். மறுபடியும் விலகல்தான். ஆக இரண்டு நிலாக்கள் இரண்டு பக்கமும் நின்றால் நடுவில் வளையம் அகப்பட்டுக்கொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். நிலாவைக் கடந்த துண்டின் பாதை வட்டமாக இருக்காது, லேசாக நீண்டிருக்கும். அப்படியே விட்டால் அடுத்த சந்திப்பில் கணக்கு ஏறுமாறாகும்; ஒருமுறை நஷ்டம், ஒருமுறை லாபம் என்று போய்விடும். அதற்குள் பக்கத்துத் துண்டுகளோடு உரசி உரசிப் பாதை மீண்டும் வட்டமாகிறது. எந்த உரசல் வளையத்தைப் பரப்பப் பார்த்ததோ, அதே உரசல் இல்லாமல் மேய்ப்பருக்கு வேலையே ஓடாது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சனியின் ஏ வளையத்தில் கீலர் இடைவெளி என்று 42 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. அதற்குள் டாஃப்னிஸ் ஓடுகிறது. சுமார் 8 கிலோமீட்டர் அளவுள்ள குட்டி நிலா. 2005-ல் காசினி விண்கலம் எடுத்த படங்களில் தெரிந்தது. சந்தின் இரண்டு ஓரங்களிலும் அலை அலையாக நெளிவு இருக்கும்: உள் ஓரத்தில் நிலாவுக்கு முன்னால், வெளி ஓரத்தில் பின்னால். ஒவ்வொரு துண்டும் நிலாவிடம் இழுபட்ட பிறகு உள்ளே வெளியே என்று ஆடிக்கொண்டு போகிறது. வரிசையாக ஆடுவதால் நமக்கு அலையாகத் தெரிகிறது. ஒரு சுற்று முடிவதற்குள் துண்டு நிலாவைவிட எவ்வளவு தூரம் முந்துகிறதோ, பிந்துகிறதோ, அதுதான் அலையின் நீளம். கணக்குப் போட்டால் ஓரத்துக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைப் போல 9.4 மடங்கு. டாஃப்னிஸுக்கு 21 கிலோமீட்டர். அலை கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர்.

அப்புறம் என்ன, அலையை அளந்தால் நிலா இருக்கும் இடம் தெரிந்துவிடும். இன்னும் பெரிய சந்தான ‘என்கே’ (Encke) இடைவெளியில் இதைத்தான் செய்தார்கள். வாயேஜர் விண்கலங்கள் எடுத்த படங்களில் ஓரம் நெளிவதைப் பார்த்து, உள்ளே ஒரு நிலா இருக்க வேண்டும் என்று 1985-ல் கஸ்ஸியும் ஸ்கார்கிலும் சொன்னார்கள். 1990-ல் மார்க் ஷோவால்டர் பழைய வாயேஜர் படங்களையே தோண்டி அதைக் கண்டுபிடித்தார். பான் என்று பெயர் வைத்தார்கள். கிட்டத்தட்ட பத்து வருடமாகப் படங்களுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

மேய்ப்பர் யோசனை முளைத்தது யுரேனஸால். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. ஜேம்ஸ் எலியட் குழுவினர் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த விமானத்தில் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள்; நோக்கம் கோளின் வளிமண்டலத்தை ஆராய்வது. மறைப்புக்கு முன்பே நட்சத்திரம் பலமுறை சட்டென மங்கி மீண்டது. மறைப்புக்குப் பிறகும் அப்படியே. நம் காவலூர் வானாய்வகத்திலும் அதே இரவில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒரு மங்கலைப் பதிவு செய்தார்கள்; அதைப் புதிய துணைக்கோள் என்று கருதினார்கள். உண்மையில் மங்க வைத்தவை ஒல்லி ஒல்லியான வளையங்கள். யாரும் வளையத்தைத் தேடிப் போகவில்லை. ‘இதனால் என்ன கண்டுபிடிப்பீர்கள்?’ என்று முன்கூட்டியே பட்டியல் கேட்டுவிட்டுப் பணம் தரும் வழக்கம் எனக்கு எரிச்சலூட்டுவது இந்த மாதிரி கதைகளால்தான். நேர்மையாகப் பதில் எழுதியிருந்தால் அந்தப் படிவத்தில் ‘வளையம்’ என்ற சொல்லே இருந்திருக்காது.

அவ்வளவு ஒல்லியாக வளையம் எப்படி நிற்கும் என்று யோசித்துத்தான் 1979-ல் கோல்ட்ரைக்கும் டிரமெய்னும் மேய்ப்பர்களைக் கற்பனை செய்தார்கள். மறு வருடமே வாயேஜர் 1, சனியின் எஃப் வளையத்துக்கு இரண்டு பக்கமும் பிராமிதியஸ், பண்டோரா என்ற நிலாக்களைக் கண்டது. (அந்த ஜோடிதான் பாடப்புத்தக உதாரணம். ஆனால் பிராமிதியஸ் அவ்வப்போது வளையத்தை ஒட்டி வந்து துகள்களைப் பிய்த்து இழுத்துவிட்டுப் போகிறது. நல்ல மேய்ப்பர் என்று சான்றிதழ் தர முடியாது.) 1986-ல் வாயேஜர் 2, யுரேனஸின் எப்சிலான் வளையத்துக்கு இருபுறமும் கார்டீலியா, ஒஃபீலியா நிலாக்களைக் காட்டியது.

இதே கணக்கு நட்சத்திரங்களைச் சுற்றியுள்ள தூசி வட்டுகளுக்கும் பொருந்தும், நிலாவுக்குப் பதில் கோளைப் போட்டால் போதும். 25 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஃபோமல்ஹாட்டைச் சுற்றி, உள் ஓரம் பளிச்சென்று வெட்டிய தூசி வளையம் ஒன்றை 2005-ல் ஹப்பிள் படம் பிடித்தது. உள்ளே கோள் இருக்கும் என்றார்கள். 2008-ல் ‘இதோ கோள்’ என்று ஒரு புள்ளியையும் காட்டினார்கள். அந்தப் புள்ளி பிறகு விரிந்து மங்கிக் கரைந்தது. இரண்டு பாறைகள் மோதிக் கிளம்பிய தூசியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2020-ல் ஓர் ஆய்வு சொன்னது. பிடிஎஸ் 70 என்ற இளம் நட்சத்திரத்தில் அப்படி ஏமாறவில்லை: வட்டின் அகன்ற இடைவெளிக்குள் 2018-ல் ஒரு கோள் படத்திலேயே சிக்கியது, அடுத்த வருடம் இன்னொன்றும்.

யுரேனஸ் கணக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. மற்ற ஒல்லி வளையங்களுக்கு எப்சிலானுக்கு இருப்பதுபோல இருபுறமும் காவல் நிற்கும் ஜோடியை யாரும் பார்க்கவில்லை. 2025-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி யுரேனஸ் அருகே, ஒஃபீலியாவின் பாதைக்குச் சற்று வெளியே, சுமார் 10 கிலோமீட்டர் அளவுள்ள புது நிலா ஒன்றைக் கண்டது. அது மேய்ப்பர் இல்லை. ஆனால் 1986-ல் பக்கத்திலேயே போய்ப் படம் எடுத்த வாயேஜர் 2-ன் கண்ணில் அது படவில்லை.