வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா: பேச முடிகிறபோதே சொல்லி வையுங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று குடும்பத்தாரிடம் பேசுவது என் வேலையில் பெரும் பகுதி. முற்றிய நுரையீரல் நோய், உடம்பெங்கும் பரவிவிட்ட புற்றுநோய், திரும்பத் திரும்ப வந்த பக்கவாதம் என்று நோய் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: "டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைக்கலாமா?" பதில் சொல்ல வேண்டியவர் நினைவில்லாமல் உள்ளே படுத்திருப்பார். மகன், "எவ்வளவு செலவானாலும் பாருங்க டாக்டர்" என்பார். கூடவே இருந்து கவனித்துக்கொண்ட மகள், "அம்மாவை இனிமே கஷ்டப்படுத்தாதீங்க" என்று அழுவார். இரண்டுமே பாசம்தான். ஆனால் அந்த அம்மாவின் விருப்பம் என்ன என்று இருவருக்குமே தெரியாது.

இதற்கு நம் நாட்டில் சட்டப்படியே வழி இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் கண்ணியத்தோடு இறக்கும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்து, ‘லிவிங் வில்’ எழுதுவதை, அதாவது பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து தேவைப்பட்டது. சாதாரண மனிதர் யார் இதற்காகக் கோர்ட்டுக்கு அலைவார்? 2023 ஜனவரியில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஸட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் இருக்கிற யாரும் எழுதலாம்.

இதைச் சொன்னதும், "அப்போ ஊசி போட்டுக் கொன்னுடுவீங்களா?" என்று பயந்து கேட்கிறார்கள். இல்லவே இல்லை. அது இந்தியாவில் குற்றம். குணமாகும் வாய்ப்பு இல்லாமல், நீங்களே முடிவு சொல்லும் நிலையும் இல்லாமல் போனால் மட்டுமே இந்தத் தாள் வெளியே வரும். அப்போதும் ஒரே ஒரு டாக்டர் முடிவெடுத்துவிட முடியாது. மருத்துவமனையின் குழு ஒன்று பார்த்த பிறகு, மாவட்ட அளவில் நியமிக்கப்பட்ட டாக்டரும் இருக்கிற இரண்டாவது குழு அதைச் சரிபார்க்கும். வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதியவருக்கும், வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கக் கடைசிவரை மருந்து உண்டு.

தாளைவிட முக்கியம், அதை எழுதும் முன் வீட்டில் நடக்கிற பேச்சு. தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் மோட்டார் நியூரான் நோய் வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், பிள்ளைகளை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார்: மாஸ்க் வைத்து மூச்சுக் கொடுக்கலாம், தொண்டையில் துளை வேண்டாம், காய்ச்சல் வந்தால் மருந்து கொடுக்கலாம், கடைசி நாட்களில் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். தன் சார்பில் பேச இளைய மகளையும் தம்பி மகனையும் குறிப்பிட்டார். மூத்த மகனுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அப்பா வாயாலேயே கேட்டுவிட்டதால், நேரம் வந்தபோது தங்கையோடு அவர் சண்டைக்கு நிற்கவில்லை. "நான் சரியாத்தான் முடிவெடுத்தேனா?" என்று பல வருஷம் கழித்தும் என்னிடம் வந்து கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பாரத்தை அப்பா அம்மாதான் இறக்கி வைக்க முடியும்.

உங்கள் சார்பில் பேச, அதிகம் நேசிப்பவரைவிட, நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லும் தைரியம் உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவருக்கு இருவராக இருந்தால் நல்லது. நுரையீரல், இதய, சிறுநீரக நோயாளிகள் ஒருமுறை ஐ.சி.யூ. போய்த் திரும்பினாலே இந்தப் பேச்சைத் தொடங்கிவிடலாம். மூச்சுக்கு டியூப் போடுவது, டயாலிசிஸ், மூக்கு வழியாக உணவு, நின்ற இதயத்தை அழுத்தி இயக்குவது: எது எவ்வளவு பலன் தரும் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டபின் எழுதுங்கள். "எல்லாம் செய்யுங்கள்" என்று எழுதவும் உங்களுக்கு உரிமை உண்டு.

எழுதியதைப் பேங்க் லாக்கரில் பூட்டாதீர்கள். நள்ளிரவு அவசரத்தில் அது யாருக்கும் கிடைக்காது. குறிப்பிட்டவர்களிடமும் குடும்ப டாக்டரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் ரத்து செய்யலாம். அப்படிச் செய்தால், கொடுத்த எல்லோருக்கும் தெரிவித்துப் பழைய பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.