பூர்வகுடி: மண்ணின் மைந்தர் அல்ல, பழங்குடியும் அல்ல

“கற்பித்தலிலும் பள்ளித் தலைமைத்துவத்திலும் மண்ணின் மைந்தர் கண்ணோட்டங்களையும் மொழிகளையும் உட்புகுத்தல்.” ஆசிரியர் பயிலரங்குகளுக்கு வரும் தாள்களில் இந்த மாதிரி வரி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆங்கில மூலத்தில் இருக்கும் சொல் ‘இன்டிஜினஸ்’. அதை ‘மண்ணின் மைந்தர்’ என்று பெயர்த்தது தவறு. ஒரு சொல் கொஞ்சம் இப்படி அப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிடக்கூடிய தவறு அல்ல இது. யாரைப் பற்றிப் பேச வந்தோமோ அவர்களையே வரியிலிருந்து வெளியேற்றிவிடுகிறது.

பேராக் மாநிலத்துத் தாப்பாவில் ஒரு தமிழாசிரியர் இந்த வரியைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலேசியத் தமிழில் மண்ணின் மைந்தர் என்றால் பூமிபுத்ரா. பூமி மண், புத்ரன் மைந்தன். அந்த மலாய்ச் சொல்லை அப்படியே தமிழாக்கி, வீட்டு ஒதுக்கீடு, பங்கு ஒதுக்கீடு, பல்கலைக்கழக இடம் என்று எல்லாச் செய்தியிலும் புழங்கிவிட்டோம். ஆகவே ஆசிரியர் மனத்தில் வருவது மலாய்மொழியும் மலாய்ப் பண்பாடும்தான். அது ஏற்கெனவே பாடத்தில் இருக்கிறதே என்று தாளை மடித்து வைத்துவிடுவார். பள்ளியிலிருந்து சிறிது தூரத்தில், கேமரன் மலைக்கு ஏறும் சாலையோரம், பெத்தாய்க் காய்களைக் கட்டுக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருக்கும் ஸெமாய் என்னும் பூர்வகுடியைச் சேர்ந்த குடும்பம் அவர் நினைவில் வராது. தாளை எழுதியவர் மனத்தில் இருந்ததோ அந்தக் குடும்பம்.

முதலில் வேர். இன்டிஜினஸ் லத்தீன் வழிச் சொல். ‘உள்ளே பிறந்த’ என்பது அதன் பொருள். இந்தியாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘இண்டி’ என்ற ஒலியைக் கேட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு என்பதால் சொல்லவேண்டியிருக்கிறது. இன்று அது குறிப்பது, பின்னால் வந்த குடியேற்றங்களுக்கும் அரசுகளுக்கும் முன்பே ஒரு நிலத்தில் வாழ்ந்து, தனி மொழியோடும் தனி வழக்கத்தோடும் இன்றும் அங்கே தொடர்கிற மக்களை. அவ்வளவுதான்.

பூமிபுத்ரா அப்படியல்ல, அது அரசியல் வகைப்பாடு. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தில் அந்தச் சொல்லே கிடையாது. 153-ஆம் பிரிவு மலாய்க்காரர்களையும் சபா, சரவாக் சுதேசிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தீபகற்பத்தின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் அந்தப் பிரிவில் இல்லை. அவர்களுக்கான வாசகம் 8-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவில் தனியாக இருக்கிறது; 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் தனியாக உண்டு. சட்டமே தனித்தனிச் சொல்லால் பிரித்து வைத்ததை மொழிபெயர்ப்பாளர் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால், படிப்பவன் எதை எடுத்து உண்பான்?

இதில் கண்கூடான நட்டம் ஒன்று உண்டு. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசியப் பள்ளிக்கு வரையறை தருமிடத்தில், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழோ சீனமோ கற்பிக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறது. நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதே வரையறை, பூர்வகுடி மொழிகளுக்கும் அதே 15 பேர் கணக்கை வைத்து, கூடவே ‘நியாயமாகவும் நடைமுறைக்கு இயன்றதாகவும் இருந்தால்’ என்று ஒரு நிபந்தனையையும் மாட்டுகிறது. தமிழுக்கு இல்லாத நிபந்தனை இது. ‘மண்ணின் மைந்தர் மொழிகள்’ என்று பெயர்த்துவிட்டால் இந்த வேறுபாடு யார் கண்ணுக்கும் தெரியாது. மலாய்மொழிக்கு எதற்கு 15 பேர் மனு என்ற குழப்பம்தான் மிஞ்சும். இன்னொன்று, 15 என்பது பள்ளி முழுவதற்குமான கணக்கு. ‘ஒரு வகுப்பில் 15 பேர்’ என்று எழுதுவதும் சொல்வதும் பிழை. ஒன்றாம் ஆண்டில் மூவர், நான்காம் ஆண்டில் ஐவர் என்று சிதறிக் கிடக்கும் சிறிய பள்ளியில், அந்த ஒரு பிழையே மனுவை எழுதவிடாமல் செய்துவிடும்.

சரி, மண்ணின் மைந்தர் வேண்டாம் என்றால் உடனே இரண்டு சொற்கள் வந்து நிற்கும்: ஆதிவாசி, பழங்குடி.

ஆதிவாசி இந்தியாவில் 1930-களில் சோட்டாநாக்பூர்ப் பக்கம் அரசியல் பெயராக எழுந்தது. அங்கே அதைப் பெருமையோடு தாங்கும் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குத் தாங்களே சூடிக்கொண்ட பெயர் அது. இங்கே ஓராங் அஸ்லிகளான ஸெமாய் மக்களோ தெமியார் மக்களோ அந்தப் பெயரைத் தங்களுக்குச் சூடிக்கொண்டதே இல்லை. தமிழர் வாயிலோ அது பெரும்பாலும் ஏளனமாகத்தான் வருகிறது. தலை வாராமல் பள்ளிக்கு வந்த பிள்ளையை ‘ஆதிவாசி மாதிரி வந்திருக்கான்’ என்று சொல்லும் அதே வாய், மறுநாள் வகுப்பில் அதைக் கல்விச் சொல்லாக உச்சரித்தால் பிள்ளைகளுக்கு எது ஒட்டும்?

பழங்குடியை முன்வைப்பவர்கள் தனித்தமிழ் அன்பர்கள். அவர்கள் மீது மதிப்பு உண்டு. ஆனால் இந்த இடத்தில் அவர்கள் வாதம் நிற்காது. பழங்குடி நல்ல தமிழ்ச்சொல் என்பதில் ஐயமில்லை. அதன் பொருள்தான் வேறு. குடிமை அதிகாரத்தில் வள்ளுவர் ‘வழங்குவ துள்வீழ்ந்தக் கண்ணும் பழங்குடி பண்பில் தலைப்பிரிதல் இன்று’ என்கிறார் (955). கொடுக்கும் பொருள் சுருங்கிப்போன காலத்திலும் பண்பு குன்றாத தொன்மையான நற்குடும்பம் அது. காடு, மலை, நிலத்தோடு பிணைப்பு எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. பிற்காலத்தில் இந்திய அரசமைப்பின் 342-ஆம் பிரிவில் வரும் பட்டியலுக்குத் தமிழாக்கமாக அதை எடுத்துக்கொண்டார்கள். இருளர், தோடர் என்று பெயர் ஏறிய சமூகங்களுக்கு அது இன்று சான்றிதழ்ச் சொல். தமிழ்நாட்டு வாசகருக்குப் பழங்குடி என்றதும் நினைவுக்கு வருவது பட்டியல், சான்றிதழ், இட ஒதுக்கீடு. அதைத் தூக்கி வந்து பேராக் மாநிலத்து மலையடிவாரத்தில் ஒட்டினால், இல்லாத ஒரு பட்டியலையும் சேர்த்து ஒட்டுகிறோம். தாள்களைத் தமிழாக்குபவர்கள் தமிழ்நாட்டு இணையத்தில் தேடி முதலில் அகப்பட்ட சொல்லை அள்ளிப் போடுவதால் வரும் வினை இது. மலேசியாவில் இருந்துகொண்டு மலேசியாவைப் பற்றி எழுதும்போது இந்த நாட்டு வழக்கை ஏன் தேடிப் பார்ப்பதில்லை?

தொல்குடி என்றும் சிலர் எழுதுகிறார்கள். பழங்குடியைவிட மேல். ஆனாலும் தொல்பொருள், தொல்லியல், தொல்லுயிர் என்று இன்று ‘தொல்’ ஒட்டிய சொற்கள் பலவும் மண்ணுக்கடியில் கிடப்பதைச் சொல்கின்றன. நேற்று பெத்தாய் விற்றுவிட்டு இன்று பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட வரும் தாயைத் தொல்பொருளுக்குப் பக்கத்தில் நிறுத்த மனம் ஒப்பவில்லை.

மிஞ்சுவது பூர்வகுடி. இந்நாட்டுத் தமிழ் ஏடுகள் நெடுங்காலமாக எழுதிவரும் சொல் இதுதான். ‘பூர்வ’ வடமொழி என்று மறுப்பார்கள். இருக்கட்டும். தோட்டப்புறத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி என்ன? “உங்க பூர்வீகம் எந்த ஊரு?” சேலம், நாமக்கல், திருச்சி என்று பதில் வரும். லயத்தில் பிறந்து லயத்திலேயே மூப்படைந்தவரும் தயங்காமல் கடல் கடந்த ஓர் ஊரின் பெயரைச் சொல்வார். பூர்வீகம் என்பது ஆளையும் நிலத்தையும் ஒன்றாகக் கட்டும் சொல். பால்வெட்டப் போன பாட்டி வாயிலும் புழங்கிய சொல். அந்தக் கேள்வியை ஒரு ஸெமாய்ப் பெரியவரிடம் கேட்டால் அவர் கப்பலேறவேண்டியதில்லை, எதிரே ஓடும் பத்தாங் பாடாங் ஆற்றைக் காட்டினால் போதும். பூர்வீகமே இந்த இடமாக உள்ள குடி, பூர்வகுடி. விளக்கவுரை இல்லாமல் தோட்டத்துத் தமிழருக்குப் புரிகிற இந்தத் தெளிவைத் தூய்மைக்காக விட்டுக்கொடுக்க முடியாது.

பொதுச்சொல்லுக்குத்தான் பூர்வகுடி. தீபகற்ப மக்களைச் சொல்லும்போது ஓராங் அஸ்லி என்றே எழுதுக. ஓராங் மலாய்ச் சொல், அஸ்லி அரபு வழி, வேர் என்ற பொருளுள்ள மூலத்திலிருந்து வந்தது. அதே அரபு மூலம்தான் தமிழில் ‘அசல்’ ஆனது. அசலும் வட்டியும், அசல் நெய் என்று நாளும் சொல்கிறோமே, அந்த அசல். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் ஓராங் அஸ்லி அந்நியமாக ஒலிக்காது. அதற்கு முன் வழங்கிய ‘சாக்காய்’ இழிசொல். அடிமை, காட்டான் என்ற நெடி அதில் உண்டு. தோட்டத்து முதியவர்கள் சிலர் இன்னும் சூதில்லாமல் அதைச் சொல்வார்கள். ‘கிளிங்’ என்று அழைக்கப்பட்டால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைவூட்டினால் போதும்.

அதற்கும் மேலே, குழுவின் பெயரைக் கேட்டு எழுதுவது. ஓராங் அஸ்லி ஒரே இனம் அல்ல. அரசு கணக்கில் நெகிரிட்டோ, செனோய், மெலாயு புரோட்டோ என்ற மூன்று பிரிவுகளில் பிரிவுக்கு ஆறாக 18 குழுக்கள். தாப்பா, பீடோர்ப் பக்கம் ஸெமாய். சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே பிளஸ் ஆற்றுப் பக்கம் தெமியார். இரண்டும் ஆஸ்ட்ரோ-ஆசிய மொழிக்குடும்பம். மலாய்க்கு உறவே இல்லை, கெமர் மொழிக்குத்தான் தூரத்து உறவு. ‘ஓராங் அஸ்லி மொழி’ என்று ஒருமையில் எழுதினால் ‘இந்திய மொழி’ என்று எழுதுவது போல ஆகிவிடும். தெமியார்ப் பிள்ளைக்கு ஸெமாய்ச் சொற்பட்டியலைக் கொடுத்துவிட்டுத் தாய்மொழியில் கற்பித்துவிட்டோம் என்று அறிக்கை எழுதுவதெல்லாம் இந்த ஒருமையிலிருந்துதான் தொடங்குகிறது.

இனி அந்த வரியின் மற்றச் சொற்கள். ‘உட்புகுத்தல்’ வேண்டாம், அது ஊசி போடுவது. ‘இடம் தருதல்’ போதும். கண்ணோட்டம் என்பது குறளில் ஓர் அதிகாரத்தின் பெயர் (58), இரக்கம் என்று பொருள். இன்று வேறு பொருளில் நிலைத்துவிட்டது. ‘பார்வை’ இருக்கும்போது அதைச் சுமப்பானேன். ‘தலைமைத்துவம்’ இன்னும் மோசம். தலைமை என்பதே பண்புப்பெயர், அதன் மேல் ‘துவம்’ எதற்கு? குடைக்கு மேல் குடை.

எல்லாவற்றையும்விட ஆபத்து தொகைச்சொற்களில் இருக்கிறது. ‘பூர்வகுடிக் கல்வி’ என்று எழுதினால் எந்த உருபு மறைந்திருக்கிறது? பூர்வகுடிகளுக்குக் கொடுக்கும் கல்வியா, பூர்வகுடிகளைப் பற்றிய கல்வியா, பூர்வகுடிகள் தாமே பிறருக்குக் கற்றுத்தரும் கல்வியா? முதலாவது என்றால் விடுதியும் புத்தகப்பையும். இரண்டாவது என்றால் மூங்கில் தொப்பி போட்டு ஆண்டுக்கு ஒருநாள் ஆட்டம். மூன்றாவதற்குத்தான் ஒரு பெரியவர் வகுப்புக்குள் வந்து ஆசிரியர் இடத்தில் நிற்கவேண்டும். மூலத்தில் கேட்பது பெரும்பாலும் மூன்றாவது. தமிழில் படிக்கப்படுவது முதலாவது. வேற்றுமைத் தொகையைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் நாமே இதில் சறுக்குகிறோம். இந்த இடத்தில் தொகுத்து எழுதாமல் விரித்து எழுதவேண்டும்.

‘பூர்வகுடித் தலைமை’க்கும் இதே கதி. பூர்வகுடி மாணவர்களைத் தலைமையாசிரியர் நடத்திச் செல்வதா, அவர்கள் சமூகத்தார் பள்ளி முடிவுகளில் தலைமை ஏற்பதா? ஸெமாய் மக்களிடம் ‘பிச்சாரா’ என்ற கூட்டம் உண்டு. பிணக்கு வந்தால் இருதரப்பு உறவினரும் ஊர்த்தலைவர் முன்னே கூடி, சொல்ல எதுவும் மிச்சமில்லை என்று ஆகும்வரை மாறி மாறிப் பேசுவார்கள். மணிக்கணக்கில் நீளும், சிலவேளை நாள்கணக்கிலும். ஊரின் கருத்தைத் தலைவர் கடைசியில்தான் சொல்வார். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கடைசி ஐந்து நிமிடத்தில் ஊர்த்தலைவரான பாத்தினிடம் ‘பாத்தின் ஏதாவது சொல்கிறீர்களா?’ என்று கேட்டுவிட்டு, அவர் பேசாமல் இருந்ததை ஒப்புதல் என்று குறிப்பேட்டில் எழுதுவது எவ்வளவு தவறு என்பது இதைத் தெரிந்துகொண்டால் விளங்கும். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அவரிடம் கொடுத்து, ஊரில் பேசிவிட்டு வர இரண்டு வாரமாவது விட்டு, கூட்டத்தில் அவருடைய பொருளை முதலில் வைப்பதே முறை. வகுப்பில் கற்றுத்தர வரும் பெரியவருக்கு, வெளியிலிருந்து வரும் பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே சன்மானம் கொடுக்கவேண்டும், பழத்தட்டோடு அனுப்பிவிடக்கூடாது.

தமிழ் வகுப்பில் இதற்கு இடம் ஏது என்பார்கள். செய்யுள் மொழியணியில் இரட்டைக்கிளவி கற்பிக்கிறோம்: சலசல, மளமள, கலகல. உலக மொழியியலாளர் ஸெமாயை எடுத்துக்காட்டுவதே இந்த வகைச் சொற்களுக்காகத்தான். தமிழில் முழுச் சொல்லும் இரட்டிக்கும். ஸெமாயில் சொல்லின் முதல் மெய்யையும் கடைசி மெய்யையும் மட்டும் பறித்து முன்னால் ஒட்டுவார்கள், நடுவில் உயிரெழுத்தே இல்லாமல். ஓசைக்கு மட்டுமல்ல, ஓயாமல் தலையாட்டும் தோற்றத்துக்குக்கூட அப்படி ஒரு சொல் உண்டு. ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் போதும். எழுதிக் காட்டும்போது தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். தொண்டையில் அடைத்து விடும் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை, க-வும் அதன் மென்மையான ஒலியும் ஒன்றாகிவிடும். ஸெமாய்ப் பாடநூலில் உள்ள உரோமன் எழுத்திலேயே எழுதி, ஒலியைப் பேசுபவர் வாயிலிருந்து கேட்கவேண்டும். ஸெமாய் சில தொடக்கப்பள்ளிகளில் பாடமாகவே நடக்கிறது. சபாவில் கடஸான்டூசுன் மொழி 1997 முதல். பார்த்து எழுத நூல் இருக்கிறது.

எழுத்து ஒன்று பாக்கி: ‘பூர்வக்குடி’ என்று ஏடுகள் ‘க்’ போட்டு எழுதுவதும் உண்டு. வடசொல் முன்னிற்கும் தொகைகள் சிலவற்றில் வலி மிகாமல் எழுதுவது உண்டு. பூர்வகுடி என்றே எழுதலாம். ‘க்’ போட்டவரோடு சண்டைக்குப் போகவேண்டியதில்லை.

தொடக்கத்தில் காட்டிய வரி, தாப்பாப் பள்ளி ஒன்றுக்குப் போகும் தாளில் இப்படி இருக்கலாம்: “ஸெமாய் மக்களின் பார்வைக்கும் மொழிக்கும் வகுப்பறையில் இடம் தருதல், பள்ளி முடிவுகளில் ஸெமாய்ப் பெற்றோரும் ஊர்த்தலைவரும் பங்கேற்றுத் தலைமை தாங்குதல்.” சுங்கை சிப்புட்டுக்கு அனுப்பும்போது ஸெமாயை எடுத்துவிட்டுத் தெமியார் என்று மாற்றவேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே தாள் என்றால் அந்த இடத்தில் ‘பூர்வகுடி மக்கள்’.