ரோம்–ஹாம்பர்க் எத்தனை கிலோமீட்டர்? விமானத் தாமத இழப்பீட்டின் கணக்கு

ஐரோப்பிய ஒன்றியத்தின் விமான நிலையம் ஒன்றிலிருந்து புறப்படும் பயணி, விமானம் தாமதமானாலோ கடைசி நேரத்தில் ரத்தானாலோ இழப்பீடு கோரலாம் என்று 261/2004 எண் ஒழுங்குவிதி சொல்கிறது. பின்னணி இவ்வளவு போதும். பயணச்சீட்டின் விலைக்கும் இழப்பீட்டுத் தொகைக்கும் தொடர்பில்லை. தாமதத்தைப் பொறுத்தவரை, சேருமிடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்திருக்க வேண்டும். அதன்பின் தொகையை முடிவு செய்வது தூரம்.

தூரம் 1,500 கிலோமீட்டர் வரை என்றால் 250 யூரோ. ஒன்றியத்துக்குள் அதைத் தாண்டினால் 400 யூரோ. பாரிஸ்–ரோம் சுமார் 1,100 கிலோமீட்டர், ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். பாரிஸ்–ஏதென்ஸ் சுமார் 2,100 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். முன்னதற்கு 250, பின்னதற்கு 400.

பலர் ஏமாறுவது இடையில் விமானம் மாறும் பயணங்களில்தான். ரோமிலிருந்து பிரசெல்ஸ் வழியாக ஹாம்பர்க் சென்றவர்களின் வழக்கில், பறந்த தூரம் 1,656 கிலோமீட்டர். நேர்தூரமோ 1,326 கிலோமீட்டர்தான். நேர்தூரமே கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்ததால், அவர்களுக்கு உரியது 250 யூரோ என்றானது. முழுப் பயணமும் ஒரே முன்பதிவில் இருப்பதும் அவசியம். மலிவு என்று தனித்தனிச் சீட்டு வாங்கியவர், முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டால் அதற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட நேரத்தை விமான நிறுவனங்கள் காட்டும். ஆனால், பயணிகள் இறங்குவதற்காக ஒரு கதவாவது திறந்த நேரமே வந்துசேர்ந்த நேரம் என்று 2014இல் தீர்ப்பாகிவிட்டது. அந்த வழக்கில் தரையிறங்கியபோது தாமதம் 2 மணி 58 நிமிடம், விமானம் நிறுத்துமிடத்தை அடைந்தபோது 3 மணி 3 நிமிடம். ஆகவே கதவு திறக்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள்.

அசாதாரணச் சூழ்நிலையால் வந்த தாமதத்துக்கு இழப்பீடு இல்லை. அதனால், கோரிக்கை அனுப்பினால் "தொழில்நுட்பக் கோளாறு, அசாதாரணச் சூழ்நிலை" என்று ஒரு வரிப் பதில் வரக்கூடும். வழக்கமான இயந்திரக் கோளாறு அசாதாரணமானது அல்ல என்று 2008இலேயே தீர்ப்பு உள்ளது. நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் ஊதியத்துக்காக நடத்தும் வேலைநிறுத்தமும் அப்படித்தான். கடும் வானிலை என்றால் பணம் கிடைக்காது. ஆனால் காத்திருப்புக்கு ஏற்ற உணவையும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியையும் அப்போதும் அவர்கள் தந்தாக வேண்டும். கேட்காதவருக்கு இதைச் சொல்பவர்கள் குறைவு. தராவிட்டால் நியாயமான அளவில் நீங்களே செலவு செய்து ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

சீட்டு விற்ற இணையதளம் விமான நிறுவனத்தைக் கைகாட்டும். அந்த நிறுவனம், தன் பெயரில் சீட்டு விற்றாலும் பறந்தது வேறொருவர் என்று சொல்லும். விமானத்தை உண்மையில் இயக்கிய நிறுவனமே பொறுப்பு, கடிதம் அதற்கே செல்லட்டும். பயணக்கூப்பன் தந்து முடிக்கப் பார்த்தால், உங்கள் கையொப்பமிட்ட சம்மதமின்றி அது செல்லாது என்பதை நினைவில் வையுங்கள். ஜெர்மனியில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் முறையிட்டுவிட்டுப் பணத்துக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. அது நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கலாமே தவிர, உங்கள் தொகையை வசூலித்துத் தராது. அங்கே இழப்பீடு கோருவதற்கான காலக்கெடு, பயணம் செய்த ஆண்டின் முடிவிலிருந்து மூன்று ஆண்டுகள். மற்ற நாடுகளில் அது வேறுபடும். தரகு நிறுவனத்தை நாடும் முன் நீங்களே ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். தரகர் வாங்கிக் கொடுக்கும் தொகையிலிருந்து ஒரு பங்கு அவருக்கே போய்விடும்.