மார்பு நீச்சல்: கையை எங்கே நிறுத்துவது?

டர்பனில் பள்ளி நீச்சல் கேலா, அதாவது நீச்சல் போட்டி, நடக்கும்போது கரையிலிருந்து "இழு, இழு!" என்று பெற்றோர் கத்துவது வழக்கம். ஃப்ரீஸ்டைலுக்கு அது பொருந்தும். மார்பு நீச்சலில், அதாவது தவளை நீச்சலில், பிள்ளை அதைக் கேட்டு நடந்தால் வேகம் குறையும்.

ஃப்ரீஸ்டைலில் கை இடுப்புவரை நீரைத் தள்ளிவிட்டுக் காற்றில் திரும்புகிறது. மார்பு நீச்சலில் முழங்கை நீருக்குள்ளேயே முன்னே வர வேண்டும் என்பது விதி. தோளைத் தாண்டி அது பின்னால் போய்விட்டால், திரும்பும் வழியெல்லாம் மேல்கை எதிர்நீரைத் தள்ளிக்கொண்டு வரும். அதுவே பிரேக். இடுப்புவரை இழுக்க விதி இடம் தருகிறதே என்பார்கள். தரட்டும், அதற்காக அங்கே போக வேண்டியதில்லை. தொடக்கத்துக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு வரும் முதல் இழுப்பில் மட்டும் கை இடுப்பைத் தாண்டலாம்.

நீட்டிய கைகளை, உள்ளங்கை சற்று வெளிப்பக்கம் பார்க்க, தோள் அகலத்தைப் போல ஒன்றரை மடங்குவரை விரியுங்கள். இதில் பலம் காட்ட வேண்டாம். நீர் கையில் பிடிபட்டால் போதும். பிறகு முழங்கையை மேலேயே வைத்துக்கொண்டு விரல்நுனிகளைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். இப்போது முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து ஒரே துடுப்பு. இங்கிருந்துதான் வேகம்: பெரிய பானையின் உட்சுவரை இரு கையாலும் வழிப்பதுபோலக் கைகளை உள்ளே கொண்டுவந்து, நெஞ்சுக்கு முன்னாலேயே சேருங்கள். அந்த வீச்சிலேயே மார்பு எழும்பும், மூச்சு கிடைக்கும். கழுத்தை நிமிர்த்தித் தலையைத் தூக்கினால் இடுப்பு அமிழும்.

அதிகம் காணும் பிழை, கும்பிடுவது. நெஞ்சருகே சேர்ந்த கைகள் ஒரு கணம் அப்படியே நின்றுவிடும். உடல் எழும்பி நிற்கும் நேரம் என்பதால் நீரின் தடை அப்போதுதான் அதிகம். சேர்த்த வேகம் அங்கேயே கரைந்துவிடும். கைகள் சேர்ந்த வேகத்திலேயே முன்னே பாய வேண்டும். அவை நீளும் நேரத்தில் கால் உதைக்க வேண்டும். இழுப்பும் உதையும் ஒரே சமயத்தில் நடந்தால் இரண்டும் வீண்.

இன்னொன்று, முழங்கை கீழே விழுவது. கை சுற்றும், நீர் நழுவும், உடல் நகராது. இதற்கு முஷ்டிப் பயிற்சி நல்லது: விரல்களை மடக்கி 25 மீட்டர், விரித்து 25 மீட்டர், மாற்றி மாற்றி நான்கு முறை. உள்ளங்கை இல்லாதபோது முன்கை தானாக வேலைக்கு வரும். தொடைகளுக்கு இடையில் மிதவையை இடுக்கிக்கொண்டு (கடையில் 'புல் பாய்' என்பார்கள், கோரைப்பாய் அல்ல) கைகளை முன்னே நீட்டி, நீரை உள்ளும் வெளியும் மட்டும் தடவிப் பழகுவதும் உதவும். ஒரு இழுப்புக்கு இரண்டு உதை என்று நீந்தினால் கும்பிடும் பழக்கம் விடும்.

முன்னேற்றத்தை அளக்க, 25 மீட்டருக்கு எத்தனை இழுப்பு, எத்தனை நொடி என்று எண்ணி இரண்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை குறைய வேண்டும். இழுப்பு மட்டும் குறைந்து நொடி ஏறினால் வெறுமனே மிதந்திருக்கிறீர்கள். கடல்நீர்க் குளத்தில் உடல் கூடுதலாக மிதக்கும். அந்தக் கணக்கை நன்னீர்க் குளத்தின் கணக்கோடு ஒப்பிடாதீர்கள்.

டர்பனுக்குத் தெற்கே அமன்சிம்டோட்டியில் வளர்ந்த பென்னி ஹெய்ன்ஸ், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மார்பு நீச்சலில் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 2024 பாரிஸில் அதே 100 மீட்டர் தங்கம் இன்னொரு தென்னாப்பிரிக்கரான டட்யானா ஸ்மித்துக்கு. இவர்களின் பந்தயக் காணொளிகளில் நீருக்கடிக் காட்சி வந்தால், முழங்கை எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

தோளின் முன்பக்கம் வலித்தால் இழுப்பின் அகலத்தைக் குறையுங்கள். சில நாளில் தணியாவிட்டால் பிசியோவிடம் காட்டுங்கள். டர்பனின் ஜூன், ஜூலைக் குளிரில் திறந்தவெளிக் குளத்தை விட்டாலும் பரவாயில்லை. கண்ணாடி முன் இடுப்பை வளைத்து நின்று, தினமும் 20 இழுப்பு மெதுவாகச் செய்யுங்கள். முழங்கைகள் இரண்டும் எப்போதும் கண்ணாடியில் தெரிய வேண்டும்.