ஈயம் கனத்தால் தக்கை மந்தமாகுமா?

ஆந்திராவில் ஆரணியாற்றின் மேல் உள்ள பிச்சாட்டூர் அணைக்கரையில் காற்றடிக்கிற நாளில் மிளகளவு ஈயம் கட்டி வீசினால், தூண்டில் நம் காலடியிலேயே வந்து விழும். தள்ளிப் போய் ஆழத்தில் நிற்க 10 கிராம் ஈயமாவது வேண்டும். அதைத் தாங்கப் பெரிய தக்கை வேண்டும், அதாவது மீன் கடிப்பதைக் காட்டும் மிதவை. அப்புறம்தான் புகார் வரும்: "மாமா, புழுவைத் தின்னுட்டுப் போயிடுச்சு, தக்கை அசையவே இல்ல!"

நானும் வெகுநாள் ஈயத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் ஈயத்தின் எடையைத் தக்கை முன்பே சமன் செய்துவிடுகிறது, தராசின் இரு தட்டிலும் ஐந்தைந்து கிலோ வைத்த மாதிரி. மீன் அதற்கு மேல் எவ்வளவு இழுக்கிறது என்பதே கணக்கு. அந்த இழுப்புக்குத் தக்கை எவ்வளவு இறங்கும் என்பது, நீர்மட்டம் தொடும் இடத்தில் அது எவ்வளவு பருமன் என்பதைப் பொறுத்தது.

பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய தக்கை அந்த இடத்தில் 3 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 7 சதுர செ.மீ. ஒரு செ.மீ. இறங்க 7 கிராம் தண்ணீரை விலக்கியாக வேண்டும். மீன் அரை கிராம் அளவுக்கு இழுத்தால் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. அதே இடத்தில் 3 மி.மீ. குச்சி இருந்தால்? ஒரு செ.மீ. இறங்க 0.07 கிராம் போதும். அரை கிராம் இழுப்பில் 7 செ.மீ. முங்கும்.

வெறும் மயிலிறகுத் தண்டு இதனால்தான் சின்ன இழுப்பையும் அவ்வளவு கூர்மையாகக் காட்டுகிறது. ஆனால் கனத்த ஈயத்தைத் தாங்காது. சரி, இரண்டையும் சேர்த்துவிடலாம். நெட்டியிலோ தெர்மாகோலிலோ வயிறு செய்து, நடுவே தண்டைச் செருகுங்கள். வயிறு முழுக்கத் தண்ணீருக்குள் போகும் வரை ஈயம் சேர்த்து, தண்டின் நுனி மட்டும் இரண்டு விரல் அளவு வெளியே தெரிய வேண்டும். வாளித் தண்ணீரிலேயே பார்த்துவிடலாம்.

ஈயத்துக்கு ஒரே ஒரு குறை உண்டு. கனமானது சட்டென்று நகராது. கெண்டைக் குஞ்சு படக்கென்று கொத்திவிட்டால், தக்கையும் ஈயமும் அசைய ஆரம்பிப்பதற்குள் இழுப்பு முடிந்துவிடும். அதனால் முழு ஈயத்தையும் முள்ளுக்குப் பக்கத்தில் கட்டாமல் மேலே கட்டிவிட்டு, முள்ளுக்கு ஒரு சாண் மேலே 0.2 கிராம் ஈயத் துணுக்கு ஒன்றைத் தனியாக நூலில் இறுக்குங்கள். மீன் புழுவோடு அதைத் தூக்கினால் நுனி இரண்டரை செ.மீ. எழும்பும். தக்கை அமுங்குவதற்கு மட்டும் காத்திருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். தெலுங்கில் தூண்டிலை 'காலம்' (gaalam) என்பார்கள், முதல் எழுத்தை 'g' ஒலியில். நம் 'காலம்' என்றே சொன்னாலும் பொருத்தம்தான், காத்திருப்புதானே எல்லாம்.

பிச்சாட்டூரில் சரிபார்த்த தக்கையை அப்படியே ஆரணியாற்றின் வழியே கடலோடு கலக்கும் பழவேற்காடு ஏரிக்குக் கொண்டுபோனால் வேறு வேடிக்கை. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட சுமார் இரண்டரை சதவீதம் கனம். 15 கன செ.மீ. தக்கைக்கு அங்கே ஏறக்குறைய 0.4 கிராம் தூக்கல் கூடும். மெல்லிய நுனி அதற்கே ஐந்து செ.மீ.க்கு மேல் எழும்பி, வயிறும் வெளியே எட்டிப் பார்க்கும், கூர்மை போச்சு. மழைக்காலத்தில் ஏரியின் உப்பு குறையும், கோடையில் கடலையே மிஞ்சும். பையில் கொஞ்சம் ஈயத் துணுக்கு போட்டுக்கொண்டு, அங்கே இறங்கியதும் அந்தத் தண்ணீரிலேயே ஒருமுறை மிதக்கவிட்டுப் பாருங்கள்.