ஊசி மருந்தில் மின்னும் துகள்: கண்ணாடி விதியும் வாங்கியவரின் உரிமையும்

மருந்துக் குப்பிக்கு எந்தக் கண்ணாடியும் ஆகும் என்பதில்லை. மருந்துகளின் தர விதிகளைச் சொல்லும் அரசு நூலான இந்திய பார்மகோபியா மூன்று வகைகளை வகுத்திருக்கிறது. டைப் 1 என்பது போரான் சேர்ந்த போரோசிலிக்கேட் கண்ணாடி. தண்ணீர் கலந்த ஊசி மருந்து, தடுப்பூசி, இன்சுலின் எல்லாவற்றுக்கும் நம்பகமானது இதுதான். டைப் 2, டைப் 3 இரண்டும் சாதாரண சோடா லைம் கண்ணாடி. டைப் 2-இன் உட்புறத்தில் மட்டும் கந்தகச் சேர்மத்தால் சோடியத்தை எடுத்துவிடுவார்கள். அமிலத்தன்மையோ நடுநிலையோ உள்ள திரவங்களுக்கு அது போதும். டைப் 3 சிரப்புக்கும், ஊசி போடும் நேரத்தில் தண்ணீர் விட்டுக் கலக்கும் தூளுக்கும் ஆகும்.

வகை பார்ப்பது ஏன்? சோடா லைம் கண்ணாடியிலிருந்து சோடியம் மெல்ல மெல்லத் திரவத்தில் இறங்கும். திரவத்தின் காரத்தன்மை ஏறும், மருந்து சிதையும். சித்திரை வெயிலில் தகரக் கூரையடியில் அடுக்கிய பெட்டியில் இது இன்னும் வேகமாக நடக்கும். சோதனைக் கூடத்தில் கண்ணாடியைப் பொடியாக்கித் தண்ணீரோடு ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, இறங்கிய காரத்தை அமிலத்தால் அளப்பார்கள். டைப் 2-ஐப் பொடித்தால் சோடியம் நீக்கிய உட்புறத்தால் பயனில்லாமல் போய் டைப் 3 போலவே காட்டும். இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது.

டைப் 1-லும் பழுது வரும். கண்ணாடிக் குழாயை உருக்கி வையல் எனும் சிறு மருந்துக் குப்பி செய்யும்போது சூடு மிஞ்சினால் அடிப்பகுதியின் உட்சுவர் பலவீனமாகும். காரத்தன்மை உள்ள மருந்தோ, சிட்ரேட், பாஸ்பேட் கரைசலோ மாதக்கணக்கில் அதில் கிடந்தால் கண்ணாடி ஏடு ஏடாக உரியும். இரத்தக் குழாயில் செல்லும் மருந்தில் இது இருக்கவே கூடாது. குப்பியைத் திறக்காமல், குலுக்காமல், விளக்கு வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றுங்கள். முதலில் கறுப்புத் துணிக்கு முன், பிறகு வெள்ளைத் தாளுக்கு முன். உரிந்த ஏடு அப்ரகத் துகள் போல மின்னி மறையும். குலுக்கினால் நுரைக் குமிழைத் துகளென்று நினைத்துவிடுவீர்கள். ஆம்பூலை (கழுத்தை உடைத்துத் திறக்கும் குப்பியை) உடைத்த பிறகு தெரியும் துகள் உடைத்ததால்கூட விழுந்திருக்கலாம், ஆகவே அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

பழுப்புக் குப்பி வேறு விஷயம். அது ஒளியைத் தடுப்பதற்கு. கண்ணாடியின் வகையைச் சொல்வதில்லை.

சந்தேகம் வந்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, தான் வாங்கிய மருந்தை யாரும் அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். விண்ணப்பம் படிவம் 14ஏ. அவர் கையெழுத்திட்ட அறிக்கை படிவம் 14பி. கட்டணம் சோதனையைப் பொறுத்து மாறும். சென்னையில் விசாரிக்க வேண்டிய இடம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு இயக்ககம்.

பலர் தவறுவது பில்லில்தான். பேட்ச் எண்ணுடன் (மருந்து எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) பில் கேட்டு வாங்குங்கள். சோதனையில் குப்பி அழிந்துவிடும் என்பதால் அதே பேட்ச்சில் திறக்காத குப்பிகள் பல தேவைப்படலாம். எத்தனை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகக் குப்பியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் சான்றும் போய்விடும்.

அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்த மருந்து 'வாங்கிய' மருந்து ஆகாது. அதற்கு மருத்துவமனை மருந்தாளுநரிடமோ மருந்து ஆய்வாளரிடமோ (டிரக் இன்ஸ்பெக்டர்) பேட்ச் எண்ணோடு எழுத்தில் கொடுங்கள். ஊசி போட்டபின் உடம்புக்கு ஏதாவது செய்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பக்கவிளைவைப் பதிவு செய்யலாம்.